அவருக்கு ஆட்சேபணை இல்லை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்க நினைத்திருந்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. போனில் எனக்கு ‘ம்’ தவிர வேறெதுவும் வருவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

ஒரு சிக்கல். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், அதுவும் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பின், நான் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கச் சேர்ந்ததற்கு நீ சிரித்தாய். வகுப்புவரை நன்றாகவே போயிற்று. ஆனால் இந்தப் படிப்பில் ஒரு பருவம் வகுப்பு என்றால் அடுத்த பருவம் வெளியே ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். வேலையை நாமேதான் தேடி, நேர்காணலில் தேறிச் சேர வேண்டும். அப்படி இரண்டு பருவங்களை முடிக்காதவருக்குப் பட்டம் கிடையாது. விதிமுறைகளைப் பலமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என்ன நினைத்துக்கொண்டு போட்டேன் என்றுதான் தெரியவில்லை.

இதுவரை மூன்று இடங்களுக்குப் போய் வந்தேன். முதல் இடத்தில் வரவேற்பறைப் பெண் தண்ணீர் கொடுத்து, “பையன் உள்ள போயிருக்காரா சார்? இப்ப வந்துடுவாரு” என்றாள். நானும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவே கூச்சமாக இருந்தது. இரண்டாவது இடத்தில், “ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். கேட்டவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்றாவது இடத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

விட்டுவிடலாமா? நீ சொல்வதைக் கேட்கிறேன்.

உன் மகன், மருமகள், பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 15

டேய் ஆமை,

அக்கா எழுதறேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். முழங்காலைப் பத்திப் பேசாத, அது பேரைச் சொன்னாலே அதுக்குக் காது கேக்குது.

விட்டுடலாமான்னு என்னைக் கேக்கறியே, நீ என்னிக்குடா ஒன்னை உருப்படியாப் பிடிச்சே, விடறதுக்கு? சின்ன வயசுல சட்டைப் பொத்தானை மேலேருந்து கீழ போட்டு, மறுபடி கீழேருந்து மேல சரிபாத்து, நீ கிளம்பறதுக்குள்ள பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிடும். ஆனா ஒரு நாளாவது போகாம இருந்தியா? ஆமை மெதுவாத்தான் போகும். திரும்பி வராது.

எனக்கு இங்க என்ன குறை. வீடு நிறைய ஆளு. மகன், மருமக, பேரன் பேத்தின்னு பொழுது போறதே தெரியல. மாடியில என் அறைக்குப் பக்கத்துல ஓர் அறை சும்மாத்தான் பூட்டிக் கிடக்கு. உனக்குப் பிள்ளையா குட்டியா, மாமா எதுக்கு அங்க தனியா உக்காந்திருக்காருன்னு மகன்கூடக் கேட்டான். சரி, உன் இஷ்டம்.

நாலாவது இடத்துக்குப் போ. தண்ணி குடுத்தா குடி. “பையன் இல்லம்மா, நான்தான்”னு சொல்லு. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்காலைப் பற்றி நீ சொன்னபடியே கேட்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. நகரப் பேருந்து நிறுவனத்தில், கால அட்டவணைப் பிரிவில். நேர்காணலில் நீ சொன்னதைச் சொன்னேன். “நான்தான்” என்றதும் எதிரே இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவள்தான் இப்போது என் மேலாளர். முப்பது வயது இருக்கும். நான் ‘மேடம்’ என்கிறேன். அவள் முதலில் ‘அங்கிள்’ என்றாள், பிறகு ‘ட்ரெய்னி சார்’ என்று மாற்றிக்கொண்டாள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்: ‘பயிற்சி மாணவர்’. காவலாளி தினமும் என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போங்க தம்பி” என்கிறார். கேலிதான். ஆனாலும் உன்னைத் தவிர யாரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

வேலையைச் சொல்கிறேன். பேருந்தின் கதவுக்கு மேலே கறுப்பாக ஒரு சின்னக் கண் உண்டு. ஏறுபவரையும் இறங்குபவரையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு வண்டி ஒரு முறை போய் வருவதை இங்கே ‘ஓட்டம்’ என்பார்கள். ஒரு வருடக் கணக்கைப் பார்த்து, எந்த ஓட்டம் வீணாகப் போகிறது, எதில் கூட்டம் தாங்கவில்லை என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இந்த அறிக்கைக்குத்தான் மதிப்பெண்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி மாணவர்களுக்குக் கொடுக்கும் தாள்களில் வழித்தடத்தின் பெயரையும் நேரத்தையும் நீக்கிவிடுவாள். வெறும் எண் மட்டும் இருக்கும். ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பக்கம் போற பஸ்ஸைக் காப்பாத்திடறாங்க சார். போன வருஷம் ஒருத்தன் அவன் லவ்வர் வீட்டுக்குப் போற பஸ்ஸை ரெண்டாக்கிட்டான்” என்றாள். முடிவு எழுதிக் கொடுத்த பிறகுதான் அது எந்த வண்டி என்று சொல்வாளாம். நல்ல முறை. எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள். கவலைப்படாதே.

உன் தம்பி


ஜூலை 11

ஆமைக்கு,

அக்கா எழுதறேன், சௌக்கியம். வேலை கிடைச்சதுக்கு இங்க நான்தான் இனிப்பு சாப்பிட்டேன். மருமக சக்கரை சக்கரைன்னு கத்தினா.

எல்லாரும் நல்லாப் பழகறாங்கன்னு எழுதியிருக்கியே, மத்தியானம் யாரோட சாப்பிடறே? முதல் சம்பளம் வந்ததும் என்ன வாங்கினே? இந்த ரெண்டுக்கும் மட்டும் பதில் எழுது, போதும்.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சளி பிடித்திருந்தது, இப்போது இல்லை.

முதல் சம்பளத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வாங்கி, அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான மேஜையில் வைத்தேன். யார் வைத்தது என்று எழுதி ஒட்டலாமா என்று யோசித்து, அது தற்பெருமையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டப்பா காலி. மிகவும் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து இருக்கைப் பையன் எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவன். அன்று அதைக் கழற்றி, “சார், பிஸ்கட் யாரு வச்சது?” என்று என்னிடமே கேட்டான். தெரியவில்லை என்றேன்.

வேலையில் ஒரு விசித்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். 2714 என்று ஓர் ஓட்டம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓடும் வண்டி. வருடம் முழுக்க அதில் ஒரே ஒருவர்தான் ஏறுகிறார். ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை. முதல் நிறுத்தத்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருகிறார். போகும் இடம் என்று ஒன்று இல்லாத பயணி! கறுப்புக் கண் தவறுதலாக ஓட்டுநரையே எண்ணுகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டுச் சோதித்தேன். இல்லை. யாரோ ஒருவர் உண்மையாகவே இருக்கிறார்.

இன்னொன்று, 3302. அதே நாள், ஏறக்குறைய அதே நேரமாக இருக்கலாம் என்று மேடம் குறிப்புக் கொடுத்தாள். அதில் கதவு மூட முடியாத கூட்டம். பலர் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறார்களாம். 2714-ஐ நிறுத்திவிட்டு அந்த வண்டியை 3302-க்குக் கொடுக்கலாம் என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, “சூப்பர் சார், இதுதான் உங்க ரிப்போர்ட்டுக்கே ஹீரோ!” என்றாள். நூலகத்தில் அத்தனை வருடத்தில் யாரும் என்னை சூப்பர் என்றதில்லை.

அடுத்து, எது எந்த வண்டி என்று தெரிந்துகொண்டு, நேரில் போய் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும். அதுதான் கடைசி வேலை.

உன் தம்பி


ஆகஸ்ட் 17

ஆமைக்கு,

சௌக்கியம். ‘சூப்பர்’னு படிச்சதும் சத்தமாச் சிரிச்சிட்டேன். கீழேருந்து யாராவது என்னன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். வீட்ல யாரும் இல்ல போல.

பிஸ்கட்டை நீதான் வச்சேன்னு சொல்லித் தொலைச்சா என்னடா? அந்தப் பையன் ரெண்டு வார்த்தை பேசியிருப்பான். மத்தியானச் சாப்பாட்டைப் பத்தி நீ எழுதல. நானும் கேட்டதை மறக்கல.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

2714-ஐ நேரில் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, நகர மையத்திலிருந்து ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் போகும் வண்டி. அந்தப் பயணியையும் பார்த்தேன். வயதானவர். கண்ணாடி போட்டவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. இடது பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து குடையை மடியில் கிடத்திக்கொண்டார். மனைவியை இழந்தவர் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பிவிடுவார் போலிருக்கிறது.

ஓட்டுநர் பெரிய மீசைக்காரர், நல்ல மனிதர். கதவைத் திறந்ததுமே அவரைப் பார்த்து, “வாங்க பெரியவரே! இன்னிக்கு என்ன கையில ஃபைலு? ஊரை விட்டு ஓடறீங்களா?” என்றார். “இல்லப்பா, சும்மா” என்றார் கிழவர். “நீங்க வரலேன்னா நான் காத்தைத்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். காத்து டிக்கெட் வாங்காது” என்று ஓட்டுநர் சிரித்தார். வழி முழுக்க ஓட்டுநர் தன் மகளின் கல்யாணப் பேச்சு, சம்பந்தி வீட்டார் போடும் நிபந்தனைகள், தன் வயிற்றுவலி என்று பேசிக்கொண்டே வந்தார். கிழவர் அதிகம் பேசவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். போன வாரம் எங்கே விட்டார்களோ அங்கிருந்தே தொடர்ந்தார்கள்.

ஏரிக்கரையில் வண்டி சிறிது நேரம் நிற்கும். ஓட்டுநர் பிளாஸ்கிலிருந்து மூடியில் ஊற்றி அவருக்கும் தேநீர் கொடுத்தார்.

அறிக்கையை இன்னும் கொடுக்கவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 28

தம்பிக்கு,

இந்த முறை ஆமைன்னு கூப்பிட மனசு வரல.

ரெண்டு பேனா எதுக்கு? ஒன்னுல மை தீந்துட்டா இருக்கட்டும்னு. அந்தக் கிழவனை எனக்கு நல்லாத் தெரியும்டா. பிறந்த அன்னிக்கே துணியில சுத்தி என் மடியிலதான் கிடத்தினாங்க.

உன் மேடம் பேரையும் நேரத்தையும் அழிச்சிட்டு வெறும் நம்பரைக் குடுத்தா, நீ உன்னையே எடுத்து வேண்டாம்னு எழுதிட்டு வந்திருக்கே. உலகத்துல வேற எவனுக்கும் இது நடக்காது. சிரிக்கலாம்னு பாத்தேன், வரல.

நான் சொல்றதைக் கேளு. அந்த ஒரு வரியை எடுத்துடு. மத்த வண்டியைப் பத்தி எழுது. ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி காலியா ஓடினா உலகம் முழுகிடுமா? உனக்கு வாரத்துல பேச்சுன்னு இருக்கறதே அந்த மீசைக்காரன் ஒருத்தன்தான்னு நீ எழுதலேன்னாலும் எனக்குத் தெரியும். அதையும் உன் கையாலயே வெட்டிக்காதே.

உடனே பதில் போடு.

அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடச் சொன்னாய். முடியவில்லை. முழங்காலையும் உன்னையும் பற்றி நினைக்காமல் இல்லை.

நீ சொன்னபடி அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் அறிக்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 3302-க்குக் கொடுக்க வேறு வண்டியும் இல்லை. ஒரு வாரம் என் வண்டியை விட்டுவிட்டு 3302 நிற்கும் இடத்துக்குப் போனேன். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தின் வாசல். வேலை முடிந்து வெளியே வந்த பெண்கள் மழையில் நின்றிருந்தார்கள். வந்த வண்டி நிற்காமலே போயிற்று. உள்ளே இடமில்லை. “இது நம்ம வண்டி இல்லடி, நம்மள வேடிக்கை பாக்க வர்ற வண்டி” என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கைகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அறிக்கையை அப்படியே கொடுத்துவிட்டேன். நேர்மை என்று நினைத்துவிடாதே. மறைத்துவிட்டு மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், “அந்த ஒரு பேசஞ்சர் யாரு? அவரைப் பாத்தீங்களா? நாளைக்கு வந்து சண்டை போட மாட்டாரே?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹெட்போன் பையன்கூட.

“பார்த்தேன், சார். கேட்டேன். அவருக்கு ஆட்சேபணை இல்லை” என்றேன்.

அடுத்த மாதம் முதல் 2714 கிடையாது.

உன் தம்பி


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? கோபமாகவே இருக்கட்டும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போனேன். மீசைக்காரர், “யாரோ ஆபீஸ்ல ஏசியில உக்காந்துக்கிட்டு பேனாவால நம்ம வண்டியை நிறுத்திட்டான், பெரியவரே. அவன் ஒரு நாளாவது பஸ்ல ஏறியிருப்பானா?” என்றார். நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். இறங்கும்போது, “சொல்லிட்டுப் போறதுக்கு உங்க பேருகூடக் கேட்டு வச்சுக்கல பாருங்க” என்றார். சொன்னேன். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

அடுத்த ஞாயிறு, பழக்க தோஷத்தில் அதே நேரத்துக்கு அதே நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிட்டேன். பலகையில் எண் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பிறகு நடந்து சலவைக் கூடத்துக்குப் போனேன். இரண்டு வண்டிகள் வந்தன. இரண்டாவதை ஓட்டி வந்தவர் மீசைக்காரரேதான். எல்லாப் பெண்களும் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஒருத்தி, “உக்காருங்க தாத்தா” என்று எழுந்தாள். அவள் கால்களைப் பார்த்தேன், வேண்டாம் என்றேன். மீசைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவு சத்தத்தில் பேச முடியாது. வண்டி நிறைந்துதான் இருந்தது. நான் கணக்குப் போட்டது சரிதான்.

வேலைப் பருவம் முடிந்தது. தேறிவிட்டேன். மேடம் மதிப்பீட்டில் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறாள். மிக உயர்ந்தது ஒன்றுக்குத்தான்: ‘எவர் துணையும் இன்றித் தனியாக இயங்கும் திறன்: மிகச் சிறப்பு.’

உன் தம்பி


டிசம்பர் 9

டேய் ஆமை,

கோபம் இல்ல. உன் கடுதாசியை எடுத்து வச்சுக்கிட்டு என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

தனியா இயங்கறதுக்கு மார்க் போட்டிருக்காளா? அதுக்கு மார்க்குன்னா எனக்கும் போடச் சொல்லு. வீடு நிறைய ஆளுன்னு எழுதினேனே, காலையில எல்லாரும் கிளம்பிப் போனா இருட்டினப்பறம்தான் வருவாங்க. குறை சொல்லல, தங்கமான பிள்ளைங்க. அவங்க பாடு அவங்களுக்கு. நான் மத்தியானம் மெதுவா மாடிப்படி இறங்கி கேட் வரைக்கும் போறேன். போய் வாட்ச்மேன்கிட்ட மணி என்னன்னு கேக்கறேன். அவரு சொல்றாரு. திரும்பி வரேன். தினமும்.

என் கையிலயே வாட்ச் கட்டியிருக்கேன்டா. அவரும் அதைப் பாக்கறாரு. இருந்தாலும் மணி சொல்றாரு, பாவம்.

பக்கத்து அறையைப் பெருக்கி வச்சிருக்கேன். வான்னு சொல்லல. பெருக்கி வச்சிருக்கேன்.

அக்கா


டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலோடு மாடிப்படி இறங்குகிறாய் என்று தெரிந்ததும் கவலையாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

எனக்கு இன்னொரு வேலைப் பருவம் பாக்கி இருக்கிறது. எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. உன் ஊர்ப் பேருந்து நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ‘பையன் உள்ளே போயிருக்கிறாரா’ என்று அங்கேயும் கேட்பார்கள். ‘நான்தான்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

விண்ணப்பத்தில், ‘இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி இருந்தது. போக்குவரத்து வளர்ச்சி, அனுபவம் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். கடைசியில், ‘அங்கே ஒரு பயணி இருக்கிறார்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது யோசித்தால் அபத்தமாகத் தெரிகிறது. தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

மகனிடம் இப்போதைக்குச் சொல்லாதே. ஒன்று மட்டும் செய். நான் வரும்வரை தினமும் வாட்ச்மேனிடம் மணி கேட்பதை நிறுத்திவிடாதே. ஒருவர்கூட ஏறவில்லை என்றால் ஓட்டத்தை எடுத்துவிடுவார்கள், அக்கா. அந்த வேலையைப் பார்த்தவன் சொல்கிறேன்.

உன் தம்பி